தேறியவர்களும் பெருகினர், தோற்றவர்களும் பெருகினர்: அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளின் கணிதச் சிக்கல்

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிச் சில ஆண்டுகளாக இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வெளிவருகின்றன. கல்லூரிக் கணிதத்தில் தேறும் மாணவர் தொகை முன்பைவிடப் பல மடங்கு பெருகிவிட்டது என்பது ஒரு செய்தி. அதே கல்லூரிக் கணித வகுப்புகளில் தோல்வி பெருகிவிட்டது, பின்னம் கூட்டத் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மற்றொரு செய்தி. இரண்டையும் படிப்பவர், யாரோ ஒருவர் புள்ளிவிவரத்தைத் திரிக்கிறார் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார். உண்மையில் இரண்டு செய்திகளும் சரியானவை. எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மாணவரை எந்தக் கணித வகுப்பில் முதலில் உட்கார வைப்பது என்ற, பார்வைக்கு அலுவலகக் காரியம் போலத் தோன்றும் ஒரு முடிவிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. சமுதாயக் கல்லூரி: அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் ஈராண்டுக் கல்லூரி. தமிழ்நாட்டில் இதே பெயரில் நடக்கும் தொழிற்பயிற்சி மையங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்க சமுதாயக் கல்லூரியில் சேர மதிப்பெண் வரம்பு கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த எவரும், பல இடங்களில் 18 வயது நிறைந்த எவரும் சேரலாம். ஈராண்டுப் பட்டத்தோடு வேலைக்குப் போகலாம், அல்லது நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவராக மாறிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய கல்லூரிகள் 116 உள்ளன.

2. மாற்றலுக்குரிய கணிதம்: அவ்வாறு மாறும்போது பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் கணிதப் பாடம். புள்ளியியல், கல்லூரி இயற்கணிதம், முன்நுண்கணிதம், நுண்கணிதம் ஆகியவை இதில் அடங்கும். எந்தத் துறை மாணவராயினும் இவற்றில் ஒன்றையாவது முடிக்காமல் மாற முடியாது.

3. ஆயத்தக் கணிதம்: அதற்குக் கீழ்ப்பட்ட பாடங்கள். ஆங்கிலத்தில் முன்பு ரெமெடியல் என்றும் இப்போது டெவலப்மென்டல் என்றும் சொல்லப்படுபவை இவைதாம். எண்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று ஏணிப்படிகளாக அமைந்தவை. பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டிய பகுதிகள். மாணவர் கட்டணம் கட்டுவார், வகுப்புக்கு வருவார், தேர்வும் எழுதுவார். ஆனால் பாடத்தை முடித்ததற்குத் தரப்படும் அலகான கிரெடிட் ஒன்றுகூட மாற்றல் கணக்கில் ஏறாது.

4. ப்ளேஸ்மென்ட்: புதிதாகச் சேரும் மாணவர் ஏணியின் எந்தப் படியில் ஏற வேண்டும் என்று கல்லூரி தீர்மானிப்பது. அந்தத் தீர்மானத்துக்காக நடத்தப்படும் தேர்வை இக்கட்டுரையில் நிலையறி தேர்வு என்று குறிப்பிடுகிறேன்.

பன்னிரண்டு கேள்விகள்

2010-களின் நடுப்பகுதிவரை அமெரிக்க சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு நிலையறி தேர்வுகள் ஆட்சி செய்தன. காலேஜ் போர்டு நடத்தும் அக்யூப்ளேசர் ஒன்று. ஏசிடி நிறுவனத்தின் காம்பஸ் இன்னொன்று. இரண்டும் கணினியில் எழுதப்படுபவை. ஒரு கேள்விக்கு அளித்த விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைத் தாமே மாற்றிக்கொள்பவை. ஆகவே கேள்விகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருக்கும். பழைய அக்யூப்ளேசரின் தொடக்க இயற்கணிதப் பகுதியில் இருந்தவை 12 கேள்விகள் மட்டுமே.

ஒரு மாணவரின் ஓராண்டையோ ஈராண்டையோ இந்தப் பன்னிரண்டு கேள்விகள் தீர்மானித்தன. பதிவு செய்ய வந்த அன்றே தேர்வறைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். இந்தத் தேர்வில் தோல்வி என்று ஒன்று கிடையாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதால், படித்துவிட்டு வர வேண்டிய தேர்வு இது என்பதே பலருக்குத் தெரியவில்லை. பள்ளியை விட்டு ஏழெட்டு ஆண்டுகள் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வரும் ஒருவர் மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் தடுமாறக்கூடும். பகுதிகளை 12 ஆக்க வேண்டும் என்று யாராவது எடுத்துக் கொடுத்தால், பன்னிரண்டில் பதினொன்று என்று அடுத்த நிமிடமே சொல்லிவிடுவார். மறந்துபோவது வேறு, அறவே தெரியாமலிருப்பது வேறு. தேர்வின் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இயங்கும் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நிறுவனம். அதைச் சேர்ந்த பொருளியலாளர் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நிலையறி தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கணிதத்தில் கடுமையாகப் பிழைபட்ட வகுப்பில் வைக்கப்பட்டிருந்ததாகக் கணக்கிட்டார். கடுமையான பிழை என்பதற்கு அவர் தந்த பொருள் கவனத்துக்குரியது. கல்லூரிக் கணிதத்தில் பி அல்லது அதற்கு மேற்பட்ட தரம் வாங்கியிருக்கக்கூடியவரை ஆயத்தக் கணிதத்துக்குத் தள்ளுவது ஒரு வகைப் பிழை. கல்லூரிக் கணிதத்தில் தோற்றுவிடக்கூடியவரை அங்கே ஏற்றிவிடுவது மறுவகை. இரண்டில் முதல் வகையே அதிகமாக நடந்திருந்தது.

பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏவைக் கொண்டு கணித்தால் பிழை குறைகிறது என்பதும் அதே ஆய்வுகளில் தெரியவந்தது. காரணம் புதிரானதன்று. ஜிபிஏ என்பது நான்காண்டுக் காலம் வகுப்புக்கு வந்ததையும், வீட்டுப்பாடம் செய்ததையும், ஒரு தேர்வில் சறுக்கி அடுத்ததில் எழுந்ததையும் சேர்த்து எடுத்த அளவு; கல்லூரி வகுப்பில் தேறவும் தேவைப்படுபவை அவையே. நியூயார்க் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகள் ஏழில் குலுக்கல் முறையில் ஒரு சோதனை நடத்தப்பட்டு 2020-இல் அதன் முடிவுகள் வெளியாயின. தேர்வு மதிப்பெண்ணோடு ஜிபிஏவையும் சேர்த்துப் பார்த்ததால் மேல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டவர்கள், கல்லூரி மட்டப் பாடத்தை முடிப்பதில் மற்றவர்களைவிட 8 முதல் 10 சதவீதப் புள்ளி முன்னே இருந்தார்கள். அதே முறையால் கீழே இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ அதே அளவு பின்தங்கினார்கள். எந்த அளவுகோலைக் கொண்டு இறக்கினாலும், இறக்கியதே இழப்பாக முடிந்தது. ஆகவே அளவுகோலைச் சீர்ப்படுத்துவதோடு சிக்கல் தீராது. ஏணியையே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏணியின் பெருக்கல் கணக்கு

கல்லூரிக் கணிதத்துக்கு மூன்று படிகள் கீழே வைக்கப்பட்ட 100 மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலும் நான்கில் மூவர் தேறுகிறார்கள் என்றும், தேறியவர்களில் ஐந்தில் நால்வர் அடுத்த வகுப்பில் சேர்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். எந்த ஆசிரியரும் வெட்கப்பட வேண்டிய விகிதங்கள் அல்ல இவை. இப்போது படிப்படியாகப் பெருக்கிப் பார்ப்போம்.

1. முதல் படியில் 100 பேர் சேர, 75 பேர் தேறுகிறார்கள். 60 பேர் அடுத்த படிக்கு வருகிறார்கள்.
2. இரண்டாம் படியில் அந்த 60-இல் 45 பேர் தேறுகிறார்கள். 36 பேர் அடுத்ததற்கு வருகிறார்கள்.
3. மூன்றாம் படியில் 27 பேர் தேறுகிறார்கள். கல்லூரிக் கணிதத்தில் சேர்பவர் ஏறத்தாழ 22 பேர்.
4. கல்லூரிக் கணிதத்தில் தேறுபவர் 16 பேர்.

ஒவ்வொரு வகுப்பறையும் நன்றாகத்தான் நடந்தது. இருந்தும் நூற்றில் 84 பேரைக் காணோம். கலிஃபோர்னியாவின் லாஸ் மெடானோஸ் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மைரா ஸ்னெல் ஏறத்தாழ இத்தகைய கணக்கைச் சக ஆசிரியர்களிடம் காட்டித்தான் ஏணியைக் குறுக்க வேண்டும் என்று வாதாடினார். தேர்ச்சி விகிதத்தை 75-இலிருந்து 80 ஆக உயர்த்தினாலும் கடைசி எண் பெரிதாக அசையாது; படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் அசையும்.

கற்பனைக் கணக்கு இப்படியென்றால் கள நிலவரம் இதைவிட மோசமாக இருந்தது. தாமஸ் பெய்லியும் அவருடைய கூட்டாளிகளும் ஏழு மாநிலங்களைச் சேர்ந்த 57 கல்லூரிகளில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆயத்தக் கணிதத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அந்த ஏணியை ஏறி முடித்தனர்; கல்லூரிக் கணிதத்தையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒருவர். மூன்று படிகளோ அதற்கும் கீழேயோ வைக்கப்பட்டவர்களில் ஏணியை முடித்தவர்கள் 17 சதவீதம். இந்த ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு வேறொன்று என்பது என் கருத்து. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் தோற்று வெளியேறவில்லை. முதல் வகுப்பிலேயே சேராமல் போனவர்களும், ஒரு வகுப்பில் தேறிவிட்டு அடுத்ததில் சேராமல் விட்டவர்களும்தாம் அதிகம். வேலை நேரம் மாறியிருக்கலாம், கார் பழுதாகியிருக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிருக்கலாம். படிக்க வேண்டிய பருவம் ஒவ்வொன்று கூடும்போதும் இத்தகைய தடைகளுக்கு ஒரு வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு விடுமுறையும் ஒரு வெளியேறும் கதவு.

பணமும் இதில் உண்டு. ஏழை மாணவர்களுக்கு அமெரிக்க ஒன்றிய அரசு தரும் பெல் உதவித்தொகை வாழ்நாளில் 12 பருவங்களுக்குச் சமமான அளவே கிடைக்கும். ஆயத்தப் பாடங்களுக்கு அதைச் செலவிட 30 கிரெடிட் வரை அனுமதி உண்டு. அங்கே செலவான பருவம் பட்டப் படிப்புக்குத் திரும்பக் கிடைக்காது.

கட்-ஆஃபுக்கு இரு புறமும்

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஆயத்தக் கணிதத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் தொடக்கத்திலேயே பின்தங்கியவர்கள். அவர்கள் பட்டம் பெறாமல் போனதற்கு ஆயத்தக் கணிதத்தைக் குறை சொல்வது, மருத்துவமனையில் இறப்பவர் அதிகம் என்பதால் மருத்துவமனைதான் கொல்கிறது என்று சொல்வதைப் போன்றதல்லவா? மேற்சொன்ன எண்களை மட்டும் வைத்து இந்த மறுப்புக்கு விடை சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் கண்ட வழி, நம் பெற்றோர்களுக்கு மிகப் பழக்கமான கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பயன்படுத்துவது. கட்-ஆஃபுக்கு ஒரு புள்ளி மேலே எடுத்தவருக்கும் ஒரு புள்ளி கீழே எடுத்தவருக்கும் கணித அறிவில் சொல்லத்தக்க வேறுபாடு இருக்காது. அன்றைய தூக்கமும் ஓர் ஊகமும்தான் வேறுபாடு. ஆனால் ஒருவர் கல்லூரிக் கணிதத்துக்கும் மற்றவர் ஆயத்தக் கணிதத்துக்கும் போகிறார்கள். ஆயத்தக் கணிதம் உதவுகிறது என்றால், கீழே விழுந்தவர்கள் சில ஆண்டுகளில் மேலே நின்றவர்களை எட்டிப் பிடிக்கவோ முந்தவோ வேண்டும். புளோரிடாவிலும் டெக்சாஸிலும் இம்முறையில் நடந்த பெரிய ஆய்வுகள் பட்டம் பெறுவதில் அப்படிப்பட்ட பயனைக் காணவில்லை.

இந்த முடிவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சீர்திருத்தத்தை ஆதரிப்பவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். கட்-ஆஃபை ஒட்டி நிற்பவர்களைப் பற்றித்தான் இந்த முறை பேசுகிறது. வெகு கீழே இருப்பவருக்கு, பெருக்கல் வாய்பாடே தடுமாறுபவருக்கு, ஆயத்தக் கணிதம் பயன்படாது என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

எந்தக் கணிதம், யாருக்கு?

பழைய ஏணி எல்லா மாணவர்களையும் நுண்கணிதத்தை நோக்கியே ஏற்றிச் சென்றது. இடைநிலை இயற்கணிதத்தின் மையப் பகுதிகளில் ஒன்று விகிதமுறு கோவைகளைச் சுருக்குவது: எக்ஸின் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்த கோவை மேலே இருந்தால் அதைக் காரணிப்படுத்தி, கீழே உள்ள கோவையையும் காரணிப்படுத்தி, பொதுக் காரணியை அடித்துவிடுவது. பொறியியலுக்குப் போகிறவருக்கு இது கைப்பழக்கமாக இருக்க வேண்டும். உளவியலோ குழந்தை வளர்ப்புக் கல்வியோ படிக்க வந்தவர் எழுத வேண்டிய புள்ளியியலில் இதற்கு இடமே வருவதில்லை. அங்கே தேவைப்படுபவை வேறு: பின்னத்தைச் சதவீதமாக்குவது, சூத்திரத்தில் எண்களைச் சரியான வரிசையில் இடுவது, ஒரு மதிப்பு சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளியிருக்கிறது என்று கணிப்பது, ஒரு நேர்கோட்டின் சாய்வு எதைச் சொல்கிறது என்று வாக்கியமாக எழுதுவது. புள்ளியியல் படிக்க வேண்டியவரை விகிதமுறு கோவையில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். 2013-இல் அதன் சமுதாயக் கல்லூரிகள் மூன்றில், தொடக்க இயற்கணிதம் தேவைப்படுவதாகக் கருதப்பட்ட ஏறத்தாழ 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். தொடக்க இயற்கணிதம் மட்டும் படித்த குழுவில் 39 சதவீதமும், அதோடு வாராந்தரப் பயிலரங்கும் பெற்ற குழுவில் 45 சதவீதமும் தேறினர். ஆயத்தப் படியையே தாண்டி, பயிலரங்கின் துணையோடு நேரே கல்லூரிப் புள்ளியியலில் வைக்கப்பட்ட குழுவில் தேறியவர்கள் 56 சதவீதம். மேல் வகுப்பில் தேறியவர்கள் கீழ் வகுப்பில் தேறியவர்களைவிட அதிகம். மூன்றாண்டுகள் கழித்துப் பட்டம் பெற்றவர்களைக் கணக்கிட்டபோதும், புள்ளியியல் குழுவில் ஏறத்தாழ 25 சதவீதம், இயற்கணிதக் குழுவில் 17 சதவீதம் என்ற வேறுபாடு நீடித்தது.

நேரே கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, தேவையான அடிப்படையை அதே பருவத்தில் கூடுதல் மணிநேரத்தில் சொல்லிக் கொடுக்கும் இந்த முறைக்குக் கோரெக்விசிட் என்று பெயர். தமிழில் உடன்துணை வகுப்பு எனலாம். திங்கட்கிழமை திட்டவிலக்கம் வரப்போகிறது என்றால் அதற்கு முந்தைய துணை வகுப்பில் வர்க்கமூலமும் செயல்களின் வரிசையும் பார்க்கப்படும். அடிப்படை முழுவதையும் முதலில் முடித்துவிட்டு மேலே போகலாம் என்பதற்குப் பதிலாக, தேவைப்படும் நாளில் தேவைப்படும் அளவு.

சட்டமாக மாறியபோது

புளோரிடா 2013-இல், அம்மாநில அரசுப் பள்ளிகளில் அண்மையில் படித்து முடித்தவர்களுக்கு நிலையறி தேர்வையும் ஆயத்தப் பாடங்களையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டது. டென்னசி 2015-இல் தன் சமுதாயக் கல்லூரிகள் அனைத்திலும் உடன்துணை முறைக்கு மாறியது. டெக்சாஸ் 2017-இல் உடன்துணை வகுப்புகளைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. காம்பஸ் தேர்வை ஏசிடி நிறுவனமே 2016-இல் கைவிட்டது.

கலிஃபோர்னியா எல்லோரையும்விட அதிகத் தொலைவு போனது. 2017-இல் இயற்றப்பட்ட ஏபி 705 என்ற சட்டம், ஒவ்வொரு மாணவரும் ஓராண்டுக்குள் மாற்றலுக்குரிய ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சேர்ந்து முடிக்கும் வாய்ப்பை உச்சப்படுத்துவது கல்லூரியின் கடமை என்றது. ஆயத்த வகுப்பில் ஒருவரைக் கட்டாயமாக வைக்க வேண்டுமானால், மேல் வகுப்பில் அவர் தேறுவது மிக அரிது என்பதையும், கீழ் வகுப்பு அவருடைய வாய்ப்பைக் கூட்டும் என்பதையும் கல்லூரிதான் நிறுவ வேண்டும். நிரூபிக்கும் பாரம் மாணவரின் தோளிலிருந்து நிறுவனத்தின் தோளுக்கு மாறியது. சட்டத்தின் சாரம் அதுவே. நிலையறி தேர்வின் இடத்தில் ஜிபிஏ வரம்புகள் வந்தன. புள்ளியியலுக்கு, நாலு புள்ளி அளவில் 3.0-உம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நேரே சேரலாம், 2.3 முதல் 2.9 வரை எடுத்தவர்களுக்குத் துணை வகுப்பு பரிந்துரைக்கப்படும். அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு வலுவாகப் பரிந்துரைக்கப்படும். ஆயினும் மூன்று பிரிவினரும் உட்காருவது கல்லூரிப் புள்ளியியல் வகுப்பில்தான்.

2019 இலையுதிர்ப் பருவத்தில் இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பல கல்லூரிகள் பெயரை மாற்றிப் பழைய படிகளை வைத்துக்கொண்டதால், விதிகளை இறுக்கும் ஏபி 1705 என்ற அடுத்த சட்டம் 2022-இல் வந்தது. இரண்டையும் கொண்டுவந்தவர் சட்டமன்ற உறுப்பினர் ஜாக்கி அர்வின்.

இரண்டு செய்திகளும் ஒரே கணக்கில்

இப்போது தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு வரலாம். கலிஃபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட எண்களை நூறு பேர் கணக்கில் எழுதிப் பார்ப்போம்.

1. 2015 இலையுதிர்ப் பருவத்தில், முதன்முறையாகக் கணிதம் எடுத்த 100 பேரில் நேரே மாற்றலுக்குரிய கணிதத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 21 பேர். அவர்களில் அந்தப் பருவத்திலேயே தேறியவர்கள் 14 பேர், தேறாதவர்கள் 7 பேர். மீதி 79 பேர் கீழ்ப்படிகளில் இருந்தார்கள்.
2. 2019 இலையுதிர்ப் பருவத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பேர் நேரே சேர்ந்தார்கள். தேறியவர்கள் 40 பேர், தேறாதவர்கள் 38 பேர்.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு, மூன்றில் இருவர் தேறிய வகுப்பு இரண்டில் ஒருவர் தேறும் வகுப்பாக மாறிவிட்டது. அவர் சொல்லும் புகார் பொய்யன்று. மாநிலத் தலைமையகத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு, 14 பேர் 40 பேராகிவிட்டார்கள். அவர் சொல்லும் வெற்றியும் பொய்யன்று. ஆசிரியர் வகுத்த எண் 78. தலைமையகம் வகுத்த எண் 100. முன்பு அந்த 79 பேரில் கரைந்துபோனவர்கள் எந்தக் கல்லூரிப் பாட ஆசிரியரின் தேர்ச்சிப் பட்டியலிலும் தோல்வியாகப் பதிவாகவில்லை. அவர்கள் வந்து சேரவே இல்லை. இப்போது அவர்களில் ஒரு பகுதியினர் வகுப்புக்குள் வந்து, கண்ணுக்குத் தெரியத் தோற்கிறார்கள்.

இதிலும் ஒரு சிறு எச்சரிக்கை தேவை. ஒரே பருவத்தை மட்டும் அளப்பது புதிய முறைக்குச் சாதகமானது, ஏனெனில் பழைய முறையில் கீழ்ப்படியில் இருந்த சிலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மேலே வந்திருப்பார்கள். ஆனால் ஏணியின் பெருக்கல் கணக்கைப் பார்த்தவர்கள், அப்படி வருபவர்களால் இந்த இடைவெளி நிரம்பியிருக்காது என்பதை ஊகிக்கலாம். கறுப்பின, இலத்தீன் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலுள்ள தேர்ச்சி இடைவெளி புதிய முறையிலும் மறையவில்லை என்பதை அதே நிறுவனம் பதிவு செய்திருக்கிறது.

டென்னசியின் அனுபவம் இன்னொரு படிப்பினை தருகிறது. ஃபுளோரன்ஸ் ரான், யூக்சின் லின் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், உடன்துணை முறையால் கல்லூரிக் கணிதத்தில் தேறுவோர் ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளி கூடியது தெரிந்தது. ஆனால் படிப்பைத் தொடர்வதிலும் பட்டம் பெறுவதிலும் அதற்கேற்ற உயர்வு தென்படவில்லை. கணிதத்தில் கிடைத்த நன்மையின் பெரும்பகுதி, மாணவர்களை அவரவர் துறைக்கு ஏற்ற கணிதத்துக்கு, பெரும்பாலும் புள்ளியியலுக்கு, திருப்பிவிட்டதால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். கணிதம் ஒரு வாசல். வாசலை அகலப்படுத்தியதால் வாடகையும் வேலை நேரமும் தீர்ந்துவிடவில்லை.

நுண்கணிதத்தில் வந்த முட்டல்

புள்ளியியல் வரை ஓரளவு அடங்கியிருந்த சண்டை, ஏபி 1705 அறிவியல், பொறியியல் மாணவர்களைத் தொட்டபோது வெடித்தது. 2025 இலையுதிர்ப் பருவம் முதல் இந்த மாணவர்களை முன்நுண்கணிதத்தில் நிறுத்தாமல் நேரே நுண்கணிதத்தில் சேர்க்க வேண்டும் என்பது திட்டம். முன்நுண்கணிதத்தில் தொடங்கியவர்களைவிட, ஒத்த பள்ளிப் பின்னணியோடு நேரே நுண்கணிதத்தில் தொடங்கியவர்களே நுண்கணிதத்தை அதிகம் முடித்தார்கள் என்பது சமுதாயக் கல்லூரிகளின் மாநில அலுவலகம் காட்டிய சான்று.

கணித ஆசிரியர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய வாதம் இரண்டு பகுதிகள் கொண்டது. நேரே சேர்ந்தவர்கள் அதுவரை தாமே துணிந்து சேர்ந்தவர்கள். ஜிபிஏ ஒன்றாக இருந்தாலும் துணிவும் தயாரிப்பும் ஒன்றல்ல. ஆகவே எல்லோரையும் சேர்க்கும்போது அதே விளைவு வரும் என்று கொள்ள முடியாது என்பது முதல் பகுதி. இரண்டாவது பாடத்தின் இயல்பு பற்றியது. நுண்கணித விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு இது தெரியும்: வகுத்தல் விதியை மாணவர் சரியாக எழுதியிருப்பார், வகையிடலும் சரியாக இருக்கும், அதற்குப் பிறகு வரும் மூன்று வரிச் சுருக்கலில், அடைப்புக்குறிக்கு முன்னுள்ள கழித்தல் குறியை உள்ளே பரப்ப மறந்து விடை தவறிவிடும். புள்ளியியலில் விகிதமுறு கோவை வேண்டாம் என்ற வாதம் இங்கே செல்லாது. இங்கே அது அன்றாடக் கருவி.

இரண்டு பகுதிகளில் முதலாவது எனக்கு வலுவானதாகப் படுகிறது. குலுக்கல் முறையில் கிடைத்த நியூயார்க் சான்றும், தாமே தேர்ந்துகொண்டவர்களை ஒப்பிட்டுப் பெற்ற இந்தச் சான்றும் ஒரே எடையுடையவை அல்ல. 2024 டிசம்பரில் மாநில அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பள்ளியில் முக்கோணவியலோ முன்நுண்கணிதமோ படிக்காதவர்களைப் போன்ற சில பிரிவினருக்கு ஆயத்தப் பாடத்துக்கு இடமளித்துச் சற்று இறங்கி வந்தது.

சான் டியேகோ அறிக்கையை எப்படிப் படிப்பது?

2025 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் வெளியிட்ட ஓர் அறிக்கை இந்த விவாதத்துக்குள் இழுக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மட்டத்துக்கும் கீழான கணிதத் திறனோடு சேரும் முதலாண்டு மாணவர் தொகை 2020-க்கும் 2025-க்கும் இடையில் ஏறத்தாழ 30 மடங்கு பெருகி, எட்டில் ஒருவர் என்ற நிலைக்கு வந்துவிட்டதாக அது கூறியது. அவ்வளாகத்தின் ஆயத்த வகுப்பில் நடத்திய சோதனையில், ஏழும் இரண்டும் கூட்டினால் வருவது எதோடு ஆறைக் கூட்டினால் வரும் என்ற கட்டத்தை நான்கில் ஒருவரால் நிரப்ப முடியவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களில் கணிசமானோர் பள்ளிக் கணிதத்தில் முழுமையான 4.0 சராசரி வாங்கியவர்கள் என்பதுதான் பலரை உலுக்கியது. பெருந்தொற்றுக் காலக் கல்வி இழப்பு, சேர்க்கையில் எஸ்ஏடி, ஏசிடி என்ற நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்களைக் கைவிட்டது, பள்ளிகளில் மதிப்பெண் வீக்கம், வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து சேர்க்கை பெருகியது ஆகியவற்றை அறிக்கை காரணங்களாகச் சொன்னது.

இது ஒரு தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பல்கலைக்கழகம். சமுதாயக் கல்லூரி அன்று. ஏபி 705-க்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. சமூக ஊடகங்களில் இரண்டையும் ஒன்றாகக் கட்டியது பிழை. ஆயினும் ஒரு நூலிழை இரண்டையும் இணைக்கிறது. 3.0, 2.3 என்ற வரம்புகள் பெருந்தொற்றுக்கு முந்தைய மாணவர்களின் பதிவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. நாணயத்தின் மதிப்பு இறங்கிவிட்டால் பழைய விலைப்பட்டியல் செல்லாது. பள்ளிகள் தரும் 3.0 இன்று வேறு பொருள் தருமானால், வரம்புகளைப் புதிய பதிவுகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டாக வேண்டும். இதிலிருந்து பன்னிரண்டு கேள்வித் தேர்வுக்குத் திரும்ப வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவோர், அந்தத் தேர்வு ஏன் கைவிடப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஏணியை எடுத்த இடத்தில்

சட்டத்தின் கணக்கில் எங்கும் வராத ஒருவர் இன்னும் மீதம் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியவர். வேறு நாட்டில் எட்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம், கற்றல் குறைபாடு உடையவராக இருக்கலாம். மாற்றல் அவருடைய நோக்கமன்று. பின்னமும் சதவீதமும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, பணியிடத்தில் அடுத்த நிலைக்கான தேர்வை எழுத விரும்புகிறார். முன்பு கல்லூரியில் அவருக்கு எண்கணித வகுப்பு ஒன்று மாலையில் இருந்தது; ஒரு பருவம் படித்துவிட்டுப் போனால், அவர் தேடி வந்தது அவருக்குக் கிடைத்துவிடும். புள்ளிவிவரத்திலோ அவர் ஏணியை முடிக்காத இன்னொரு தோல்வி. புதிய சட்டங்களால் பல கல்லூரிகள் அந்த வகுப்பை மூடிவிட்டன. இப்போது அவருக்குக் காட்டப்படும் வழி, கட்டணமும் கிரெடிட்டும் இல்லாத வகுப்புகளும், மாவட்டப் பள்ளி நிர்வாகம் நடத்தும் முதியோர் பள்ளிகளும். பாடம் அங்கேயும் அதே பின்னம்தான். சில கல்லூரிகள் அதைத் தம் வளாகத்திலேயே நடத்துகின்றன. மற்ற ஊர்களில் வேலை முடிந்த பிறகு அவர் இன்னொரு பேருந்து பிடித்துப் போக வேண்டும்.